தூர்ந்தது வேறு, முடிந்தது வேறு

கேள்வி: ஐயா, நான் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்தவள். அப்பா ஏரியில் வலை போடுகிறவர். எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான்தான். சென்னையில் நண்டும் இறாலும் ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில், வெளிநாட்டு வியாபாரிகளுக்கு மெயில் எழுதுவது என் வேலை. போன கோடையில் முகத்துவாரம் தூர்ந்துபோய் எங்கள் ஏரி நண்டு வரத்து சுத்தமாக நின்றது. சரக்கு இப்போதைக்கு இல்லை என்று சொல்லத்தான் ‘டிஸ்கண்டினியூட்’ என்று எழுதினேன். மழைக்குப் பிறகு நண்டு வந்தது, அந்த வியாபாரி வரவில்லை. நாங்கள் நண்டு வியாபாரத்தையே விட்டுவிட்டோம் என்று நினைத்து வேறு ஆளிடம் போய்விட்டாராம். மேனேஜர் எல்லோரையும் வைத்துக்கொண்டு என்னைத் திட்டினார். அந்தப் புண் ஆறுவதற்குள் தாத்தா தவறிவிட்டார். லீவு கேட்டு ‘மை கிராண்ட்ஃபாதர் காட் எக்ஸ்பயர்ட்’ என்று எழுதினேன். எக்ஸ்பயர் ஆவதற்கு அவர் என்ன மருந்து பாட்டிலா என்று ஒருவர் சிரித்தார். எண்ட், ஃபினிஷ், ஓவர், கம்ப்ளீட், ஸ்டாப், க்ளோஸ், லாஸ்ட், ஃபைனல் என்று ஆங்கிலத்தில் இத்தனை இருக்கின்றன. தமிழில் எல்லாமே ‘முடிவு’தானே? எதை எங்கே போடுவது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

— ஒரு வாசகி, பழவேற்காடு

பதில்: அம்மா, முதலில் உங்கள் தாத்தாவுக்கு என் அஞ்சலி. அந்த லீவு கடிதத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். நீங்கள் நினைக்கிற தப்பு அதில் இல்லை.

தமிழில் எல்லாமே முடிவுதானே என்கிறீர்கள். உங்கள் கடிதத்தை மறுபடி ஒரு தரம் படித்துப் பாருங்கள். டிகிரி ‘முடித்த’ ஆள். முகத்துவாரம் ‘தூர்ந்துபோனது’. வரத்து ‘நின்றது’. வியாபாரத்தை ‘விட்டுவிட்டோம்’. தாத்தா ‘தவறிவிட்டார்’. ஐந்து முடிவுகளுக்கு ஐந்து சொற்கள், ஒன்றுகூட இடம் மாறி விழவில்லை. டிகிரி தூர்ந்தது என்றோ முகத்துவாரம் தவறியது என்றோ தூக்கத்தில்கூட உங்கள் வாயில் வராது. ஆங்கிலம் எழுத உட்கார்ந்ததும் மட்டும் இந்த ஐந்தையும் ‘முடிவு’ என்ற ஒரே கூடையில் கொட்டிவிட்டு, கைக்கு அகப்பட்டதை எடுக்கிறீர்கள். அதற்கு எங்களைப் போன்ற வாத்தியார்கள்தான் பொறுப்பு. பொன்னேரிப் பக்கத்துப் பள்ளிகளில் எத்தனையோ வருடம் நானும் எண்ட் என்றால் முடிவு, ஃபினிஷ் என்றால் முடிவு என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவன். பிள்ளைகள் வீட்டில் பேசுகிற சொல்லை வாங்கி அதற்கு நேரான ஆங்கிலச் சொல்லைக் காட்டியிருக்க வேண்டும். இப்போது அதைச் செய்கிறேன்.

முகத்துவாரத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் உங்கள் சிக்கல் அங்கேதான் பிறந்தது. ஆந்திராவிலும் தமிழ்நாட்டிலுமாகப் பரந்து கிடக்கிற உங்கள் ஏரி, இந்திய உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே ஸ்ரீஹரிகோட்டா நீளமாகப் படுத்திருக்கிறது. அதற்குத் தெற்கே, பழவேற்காட்டுப் பக்கம் இருக்கிற வாசல்தான் முகத்துவாரம். மழைக்காலத்தில் ஆரணி ஆற்று வெள்ளம் உள்ளிருந்து தள்ளும், வாசல் அகலமாகும். கோடையில் தள்ளுவதற்குத் தண்ணீர் இல்லை. அலையும் கரையோர நீரோட்டமும் கொண்டுவருகிற மணல் வாசலிலேயே உட்கார்ந்துவிடும். கடலில் பொரித்த இறால் குஞ்சு ஏரிக்குள் வந்து வளர வழியில்லை. முட்டை விடக் கடலுக்குப் போகிற பெண் நண்டுக்கும் வழியில்லை. படகும் வெளியே போகாது. இந்த நிலையை உங்கள் அப்பா ‘அடைஞ்சிடுச்சு’ என்பார், ‘தூர்ந்துடுச்சு’ என்பார். ‘முடிஞ்சிடுச்சு’ என்று சொல்லமாட்டார். அடைத்தது திறக்கும். தூர்ந்ததைத் தூர்வாரலாம். மறுபடி திறக்கிற நம்பிக்கை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

இதற்கு நேரான ஆங்கிலச் சொல் ‘க்ளோஸ்ட்’. கடை க்ளோஸ்ட், பள்ளிக்கூடம் க்ளோஸ்ட், ரோடு க்ளோஸ்ட். எல்லாம் நாளைக்கோ அடுத்த வாரமோ திறக்கும். ஆனால் கூடவே ‘டவுன்’ சேர்ந்து ‘க்ளோஸ்ட் டவுன்’ ஆகிவிட்டால், கடையை இழுத்து மூடிவிட்டுப் போய்விட்டார்கள் என்று பொருள். ‘டிஸ்கண்டினியூட்’ இந்த இரண்டாவது வகை. வியாபாரத்தில் அந்தச் சொல்லைப் பார்க்கிறவர், இந்தச் சரக்கை இவர்கள் இனி விற்பதில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார். அவர் போனது நியாயம்தான்.

நீங்கள் அதை எழுதியதிலும் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் ‘எட்டாவதோட டிஸ்கண்டினியூ பண்ணிட்டான்’ என்று சொல்லிச் சொல்லி, அந்தச் சொல்லுக்கு ‘நடுவில் நின்றுபோனது’ என்ற பொருள்தான் நம் மனதில் பதிந்திருக்கிறது. அப்பாவோடு வலைக்குப் போய்விட்ட பையன்களின் பெயருக்கு எதிரே பதிவேட்டில் நானே அந்தச் சொல்லை எழுதியிருக்கிறேன், அடுத்த வருடம் திரும்பி வருவான் என்ற எண்ணத்தோடு. இந்தியாவுக்குள் இது புரியும், செல்லும். வெளிநாட்டு வியாபாரிக்கு நீங்கள் எழுதியிருக்க வேண்டியது ‘டெம்பரரிலி அவுட் ஆஃப் ஸ்டாக்’. முடிந்தால் காரணத்தையும் சேர்த்திருக்கலாம்: ‘த லேக் மௌத் இஸ் க்ளோஸ்ட்’. ஆங்கிலத்திலும் அந்த இடத்துக்கு வாய் என்றுதான் பெயர். ஆறு தன் ஓட்டத்தை முடிக்கிற இடத்தை நாம் முகம் என்கிறோம், அவர்கள் வாய் என்கிறார்கள். இரண்டு மொழியும் அதை வால் என்று சொல்லவில்லை.

ஆகவே எழுதுவதற்கு முன் மனதுக்குள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இது மறுபடி வருமா?’ இரண்டாவது கேள்வி, ‘இது தானாக முடிந்ததா, யாராவது முடித்தார்களா?’ இந்த இரண்டாவதில் தமிழ் உங்களுக்குப் பெரிய உதவி. தமிழில் முடிந்தது வேறு, முடித்தது வேறு. நின்றது வேறு, நிறுத்தியது வேறு. நீங்கியது வேறு, நீக்கியது வேறு. தன்வினை, பிறவினை என்று படித்திருப்பீர்கள். ஆங்கிலத்தில் எண்ட், ஸ்டாப், ஃபினிஷ், க்ளோஸ் எல்லாம் இரண்டு வேலையையும் உருவம் மாறாமல் செய்யும். ‘த மீட்டிங் எண்டட்’ என்றால் கூட்டம் முடிந்தது. ‘ஹி எண்டட் த மீட்டிங்’ என்றால் அவர் முடித்தார். இது நம் பிள்ளைகளுக்குப் பிடிபடுவதில்லை. தானாக முடிந்ததற்கு ஏதாவது ஒன்று கூடச் சேர்க்க வேண்டும் என்று தோன்றி, ‘த மீட்டிங் வாஸ் எண்டட்’ என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதினால் யாரோ பாதியில் முடித்துவைத்த மாதிரி தொனிக்கும்.

மீன்பிடித் தடைக்காலத்தை வைத்துப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. ‘த பான் எண்ட்ஸ் ஆன் ஜூன் 14’ என்றால் நாள் வந்ததும் அது தானாக முடிகிறது. ‘த பான் இஸ் ஓவர்’ என்றால் காலம் கழிந்துவிட்டது, இனி கடலுக்குப் போகலாம். ‘த பான் வாஸ் லிஃப்டட்’ என்றால் தடையைப் போட்டவர்களே எடுத்தார்கள். நம் பத்திரிகைகளில் ‘தடை நீங்கியது’ என்றும் ‘தடை நீக்கப்பட்டது’ என்றும் பார்க்கிறீர்களே, அதே வித்தியாசம்தான்.

‘ஓவர்’ என்ற சொல்லோடு கொஞ்சம் நேரம் இருக்கலாம், அது எனக்குப் பிடித்த சொல். அதன் அடிப்பொருள் முடிவு கிடையாது, ‘தாண்டி’, ‘அந்தப் பக்கம்’ என்பதுதான். 1613-இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டை கட்டிய டச்சுக்காரர்கள், 1824 உடன்படிக்கையின்படி அடுத்த ஆண்டு ஊரை ஆங்கிலேயரிடம் ‘ஹேண்டட் ஓவர்’ செய்தார்கள். ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் தாண்டியது. தேர்வு ஓவர், மேட்ச் ஓவர், சீசன் ஓவர் என்பதெல்லாம் நாம் அதைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டோம் என்ற பொருளில்தான். அதனால் தொடக்கமும் முடிவும் உள்ள காலத்துண்டுகளுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும். உங்கள் ஏரியில் இறால் படுகிற இடங்களை ஊர்க்காரர்கள் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்கிற ‘பாடு’ இருக்கிறதே, அதில் ஒருவருடைய முறை முடிந்து அடுத்தவர் இறங்கும்போது சொல்ல ‘அவர் டர்ன் இஸ் ஓவர்’ என்பதைவிடச் சரியான வாக்கியம் இல்லை. கிரிக்கெட்டில் ஆறு பந்து முடிந்ததும் நடுவர் ஓவர் என்கிறார், ஆட்டம் முடியவில்லை, பந்து வீசும் முனை மாறுகிறது. கப்பல்களின் வயர்லெஸ்ஸிலும் இதே கதை. அதில் ‘ஓவர்’ என்றால் நான் பேசிவிட்டேன், இனி நீ பேசு. பேச்சே முடிந்தது என்பதற்கு ‘அவுட்’ என்ற வேறு சொல் இருக்கிறது. சினிமாவில் ‘ஓவர் அண்ட் அவுட்’ என்று சேர்த்துச் சொல்வது முறைப்படி தவறு. பதில் சொல் என்பதும் பதில் வேண்டாம் என்பதும் ஒரே மூச்சில் வருமா?

ஓவர் வினைச்சொல் இல்லை. ‘வி ஓவர்ட் த வொர்க்’ கிடையாது, ‘இஸ் ஓவர்’, ‘வாஸ் ஓவர்’ என்றுதான் வரும். இன்னொன்று, கையில் இருக்கும் பொருள் தீர்ந்துபோவதற்கும் அதைப் போடாதீர்கள். ஐஸ் தீர்ந்துவிட்டது, டீசல் தீர்ந்துவிட்டது, வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது. தமிழில் எவ்வளவு அழகாகத் ‘தீர்’ என்று தனியாக வைத்திருக்கிறோம்! அதற்கு ஆங்கிலத்தில் ‘ரன் அவுட் ஆஃப்’. ‘வி ஹாவ் ரன் அவுட் ஆஃப் ஐஸ்’. மனதில் ‘தீர்ந்தது’ என்று வந்தால் கை ‘ரன் அவுட்’ என்று எழுதட்டும். அதேபோல மழை முடிந்தது என்று யாரும் சொல்வதில்லை, ‘மழை விட்டுடுச்சு’ என்கிறோம். ஆங்கிலத்திலும் ‘த ரெயின் ஸ்டாப்ட்’ என்பார்கள், வலு குறைந்தால் ‘லெட் அப்’ என்பார்கள். ‘லெட்’ என்றாலும் விடுவதுதான்.

ஸ்டாப்பில் ஒரு பள்ளம் இருக்கிறது, பார்த்துக் கால் வையுங்கள். ‘ஹி ஸ்டாப்ட் ஃபிஷிங்’ என்றால் மீன் பிடிப்பதை நிறுத்திவிட்டார். ‘ஹி ஸ்டாப்ட் டு ஃபிஷ்’ என்றால் மீன் பிடிப்பதற்காகப் படகை நிறுத்தினார். நடுவில் ஒரு சின்னச் சொல், பொருள் தலைகீழ்.

ஃபினிஷும் கம்ப்ளீட்டும் அக்கா தங்கை மாதிரி, பல இடங்களில் ஒன்றுக்கு ஒன்று போடலாம். ஆனால் கம்ப்ளீட்டின் வேர் லத்தீனில் ‘நிரப்புவது’. நம் அரசாங்கப் படிவங்களில் ‘பூர்த்தி செய்க’ என்று இருக்கிறது அல்லவா, அந்தப் பூர்த்தியின் வேரும் நிரப்புவதுதான். தடைக்கால நிவாரணத்துக்கு அம்மா ஒரு படிவம் எழுதி முடிக்கிறார்கள் என்று வையுங்கள். கையெழுத்துப் போட்டு எழுந்துவிட்டால் ‘ஃபினிஷ்ட்’. வங்கிக் கணக்கு எண் விட்டுப்போயிருந்தால் அது ‘கம்ப்ளீட்’ ஆகவில்லை. வேலை நின்றதா என்பது ஒன்று, குறையில்லாமல் நிறைந்ததா என்பது இன்னொன்று. ‘ஐ ஆம் ஃபினிஷ்ட்’ என்று மட்டும் மெயிலில் எழுதாதீர்கள். வேலையை முடித்துவிட்டேன் என்றும் அது பொருள்படும், என் கதை முடிந்தது என்றும் பொருள்படும். ‘ஐ ஹாவ் ஃபினிஷ்ட்’ எழுதினால் குழப்பமே இல்லை.

லாஸ்ட், ஃபைனல் இரண்டுக்கும் நாம் ‘கடைசி’ என்கிறோம். பொன்னேரியிலிருந்து உங்கள் ஊருக்கு வருகிற கடைசி பஸ் ‘லாஸ்ட் பஸ்’தான், ‘ஃபைனல் பஸ்’ இல்லை. வரிசையில் பின்னால் வருவது லாஸ்ட். அதற்கு மேல் பேச்சில்லை என்று முடிவாவது ஃபைனல்: ஃபைனல் ரேட், ஃபைனல் மேட்ச், ஃபைனல் பில். ‘உங்க கடைசி மெயில் கிடைத்தது’ என்று எழுதும்போது ‘லேட்டஸ்ட்’ போடுங்கள். லாஸ்ட் போட்டால் தப்பில்லை, ஆனால் லேட்டஸ்ட் போட்டால் இனியும் மெயில் வரும் என்ற எதிர்பார்ப்பு கூடவே போகும். ‘அட் தி எண்ட்’ என்றால் ஒன்றின் முனையில். இழுவை வலையின் பின்முனையில் மீன் சேர்கிற பை இருக்கிறதே, அது ‘அட் தி எண்ட் ஆஃப் த நெட்’. ஆங்கிலேய மீனவர்கள் அந்தப் பையின் பெயரிலேயே ‘எண்ட்’ என்று வைத்திருக்கிறார்கள், நாம் அதை மடி என்று கூப்பிடுகிறோம். ‘இன் தி எண்ட்’ என்பது வேறு, ‘எவ்வளவோ அலைந்தோம், கடைசியில் நண்டு கிடைத்தது’ என்கிற கடைசியில்.

இனி தாத்தா.

‘எக்ஸ்பயர்’ என்பதற்கு முதற்பொருள் மூச்சை வெளியே விடுவது. மனிதன் கடைசி மூச்சை விடுவதற்கு அந்தச் சொல்லைப் பல நூறு வருடமாகச் சொல்லிவருகிறார்கள். மருந்துக்கும் லைசென்ஸுக்கும் அது வந்தது பிறகுதான். ஆகவே சிரித்தவருக்கு அந்தச் சொல்லின் பாதிதான் தெரியும். இன்றைய அன்றாட ஆங்கிலத்தில் மனிதருக்கு அது அரிது என்பது உண்மை. இந்தியாவில் வழக்கில் இருக்கிறது என்பதும் உண்மை. உங்கள் வாக்கியத்தில் இடறியது எக்ஸ்பயர் இல்லை, அதற்கு முன்னால் நிற்கிற ‘காட்’. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? ‘எக்ஸ்பயர் ஆயிட்டார்’ என்று மனதில் தமிழில் நினைத்தீர்கள். காலமானார் என்பதில் வருகிற அந்த ‘ஆனார்’தான் ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘காட்’ ஆகிவிட்டது. ‘எக்ஸாம் காட் ஓவர்’ என்று நம் பிள்ளைகள் எழுதுவதும் இதே ‘ஆயிடுச்சு’தான். ஆங்கிலத்தில் ‘கெட் ஓவர்’ என்றால் துக்கத்திலிருந்தோ நோயிலிருந்தோ மீண்டு வருவது. பரீட்சை எதிலிருந்தோ மீண்டு வந்தது என்று ஆங்கிலம் பேசுகிறவர்களுக்குக் கேட்கும். எக்ஸ்பயர், டை இரண்டும் தாமாக நடப்பவை, அவற்றுக்கு ‘காட்’ துணை வேண்டாம்.

உங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் ஒரு தெருவில் ‘தவறிட்டார்’ என்பார்கள், அடுத்த தெருவில் ‘மவுத்தாயிட்டாங்க’ என்பார்கள், மாதா கோயில் பக்கம் ‘ஆண்டவருக்குள் நித்திரை அடைந்தார்’ என்று சுவரொட்டி ஒட்டுவார்கள். சாவை நேராகச் சொல்ல நமக்கு வாய் வராது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் ‘பாஸ்ட் அவே’ இருக்கிறது. பாஸ் என்றால் கடப்பது. நம்முடைய ‘இறந்தார்’ என்ற சொல்லுக்கும் அடிப்பொருள் அதுவேதான். ‘இற’ என்றால் கடத்தல், அதனால்தான் கடந்த காலத்தை இலக்கணத்தில் இறந்த காலம் என்கிறோம். ஆகவே பாஸ்ட் அவே உங்களுக்கு அந்நியச் சொல் இல்லை, தைரியமாக எழுதுங்கள். ‘டைட்’ என்று எழுதினாலும் மரியாதைக் குறைவு கிடையாது. நெருங்கியவர்கள் அதைத்தான் எழுதுகிறார்கள். எனக்கென்னவோ, துக்கக் கடிதத்தில் அந்த எளிய சொல்தான் உண்மையாக ஒலிக்கிறது.

‘மை கிராண்ட்ஃபாதர் டைட் திஸ் மார்னிங். ஐ நீட் லீவ் ஃப்ரம் டுடே.’ லீவு கடிதத்துக்கு இந்த இரண்டு வரி போதும். காரியத்துக்கு மறுபடி ஊருக்குப் போவதானால் அந்தத் தேதியை இன்னொரு வரியில் எழுதுங்கள்.

அந்த நண்டு வியாபாரியை விட்டுவிடாதீர்கள். அவர் உங்கள் மேல் கோபமாகப் போகவில்லை, ஒரு சொல்லை நம்பிப் போனார். மேனேஜரிடம் சொல்லிவிட்டு இந்த வாரமே அவருக்கு எழுதுங்கள். மன்னிப்பெல்லாம் நீட்ட வேண்டாம். ‘வி நெவர் ஸ்டாப்ட் செல்லிங் க்ராப். த லேக் மௌத் வாஸ் க்ளோஸ்ட் லாஸ்ட் சம்மர். இட் இஸ் ஓபன் நௌ.’ அனுப்புவதற்கு முன் அப்பாவுக்கு ஒரு போன் போட்டு, முகத்துவாரத்தில் இன்றைக்குத் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று கேட்டு, அதையும் ஒரு வரியாகச் சேர்த்துவிடுங்கள்.